பெரிய ஆளைத் தள்ளாதே... யோசிக்க வை!

2013-ம் ஆண்டு நவம்பர் 23. அமெரிக்காவில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்கும் ஜார்ஜியா சதர்ன் பல்கலைக்கழகத்துக்கும் ஃபுட்பால் ஆட்டம். ஃப்ளோரிடா நாடே அறிந்த பெரிய அணி. அதன் சொந்த மைதானத்தில் 80,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஜார்ஜியா சதர்ன், அதற்கு ஒரு படி கீழே உள்ள பிரிவில் ஆடிக்கொண்டிருந்த அணி. பெரிய கல்லூரிகள் பணம் கொடுத்துச் சின்னக் கல்லூரிகளை வரவழைத்து, கணக்கில் ஒரு வெற்றியைச் சேர்த்துக்கொள்வது அங்கே வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான் முடியும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

முடிவு வேறு மாதிரி வந்தது. ஜார்ஜியா சதர்ன் 26, ஃப்ளோரிடா 20. கீழ்ப்பிரிவு அணி ஒன்றிடம் ஃப்ளோரிடா தோற்றது அதுவே முதல் முறை. ஃப்ளோரிடாவுக்கு அது மோசமான சீஸன்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஸ்கோரைவிடப் பெரிய ஆச்சர்யம் ஒன்று இருந்தது. ஜெயித்த அணி மொத்த ஆட்டத்திலும் 3 முறைதான் பந்தை முன்னோக்கி வீசியது. மூன்றையும் யாரும் பிடிக்கவில்லை. மற்றபடி ஓட்டம், ஓட்டம், ஓட்டம். ஓடியே 429 யார்டு சேர்த்துவிட்டார்கள்.

எதிரணியில் இருந்தவர்கள் எல்லோரும் இவர்களைவிட உயரம், எடை, வேகம் கூடியவர்கள். பிறகு எப்படி? அந்த விடைக்குப் பெயர் 'ஆப்ஷன்'.

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம்

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது, உலகம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து இல்லை. இரண்டு முனையும் கூரான பந்து. பெரும்பாலும் கையால்தான் ஆட்டம். ஒரு பக்கம் 11 பேர், எதிரே 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு, அதாவது சுமார் 9 மீட்டர் முன்னேறிவிட்டால் இன்னொரு 4 வாய்ப்பு கிடைக்கும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. இப்படியே நகர்ந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் 'டச்டவுன்', 6 புள்ளிகள்.

பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக் என்பவரின் கைக்கு. அணியின் மூளை அவர்தான். அவருக்கு முன்னால் வரிசையாக நிற்கும் கனமான ஆட்கள் எதிராளிகளைத் தள்ளி வழி உண்டாக்குவார்கள். அந்த வழியில் பந்தோடு ஒருவர் ஓட வேண்டும். அல்லது குவார்ட்டர்பேக் தூரத்தில் ஓடும் சக வீரருக்குப் பந்தை வீச வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான ஓட்டத்தில் பந்தோடு ஓடுகிறவர் ஒருவர். பந்தை அவர் கையில் கொடுத்துவிட்டு நிற்கும் குவார்ட்டர்பேக் ஒருவர். மீதி 9 பேர்தான் எதிரிகளைத் தடுக்க முடியும். எதிரே இருப்பதோ 11 பேர். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் 2 பேர் யாரும் தடுக்காமல் வந்து விழுவார்கள். எனவே பெரிய உடம்பும் பெரிய திறமையும் உள்ள அணி தப்பிக்கும். சின்ன அணி மாட்டிக்கொள்ளும்.

தடுக்காமல் விடுவதே தந்திரம்

ஆப்ஷன் ஆட்டம் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. 'தடுக்க முடியாத ஆளை ஏன் தடுக்க வேண்டும்? விட்டுவிடு. ஆனால், அவன் எந்தப் பக்கம் போனாலும் பந்து மறுபக்கம் போகட்டும்' என்பதே அதன் அடிப்படை.

இதில் மிகப் பெயர்பெற்றது 'டிரிபிள் ஆப்ஷன்'. மூன்று வழிகள் கொண்ட ஒரே ஆட்டம். எதிரணியில் இரண்டு பேரை வேண்டுமென்றே யாரும் தொடுவதில்லை.

குவார்ட்டர்பேக் பந்தை வாங்கித் திரும்புகிறார். பின்னால் இருந்து ஃபுல்பேக் என்னும் உறுதியான ஓட்டக்காரர் நேராகப் பாய்ந்து வருகிறார். அவர் வயிற்றருகே குவார்ட்டர்பேக் பந்தை வைக்கிறார். ஆனால், கையை எடுக்கவில்லை. இரண்டு பேர் கையிலும் பந்து இருக்கிறது. அந்த நேரத்தில் குவார்ட்டர்பேக்கின் கண் பந்தின் மேல் இல்லை. தடுக்காமல் விடப்பட்ட முதல் ஆளின் மேல் இருக்கிறது. அவன் ஃபுல்பேக்கைப் பிடிக்க உள்ளே பாய்கிறானா? பந்தை உருவிக்கொண்டு குவார்ட்டர்பேக் வெளிப்பக்கம் ஓடுகிறார். அவன் வெளியிலேயே நிற்கிறானா? பந்து ஃபுல்பேக்கிடமே போகிறது. இந்த முடிவுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடிகூட இல்லை.

பந்தை உருவிக்கொண்டால் அடுத்த கட்டம். இப்போது எதிரே இரண்டாவது ஆள். குவார்ட்டர்பேக்குக்குச் சில யார்டு வெளியே, சற்றுப் பின்தங்கி இன்னொரு ஓட்டக்காரர் கூடவே ஓடி வருகிறார். எதிராளி குவார்ட்டர்பேக்கை நோக்கி வந்தால், பந்து சட்டென்று பக்கவாட்டில் இருக்கும் அந்த ஓட்டக்காரருக்குத் தட்டிவிடப்படும். எதிராளி ஓட்டக்காரரை நோக்கிப் போனால் குவார்ட்டர்பேக் தானே முன்னேறுவார்.

இப்போது கணக்குப் பாருங்கள். ஃபுல்பேக், குவார்ட்டர்பேக், வெளி ஓட்டக்காரர் மூவர் போக 8 பேர் தடுக்கக் கிடைக்கிறார்கள். எதிரணியில் தொடாமல் விட்ட 2 பேரைக் கழித்தால் 9 பேர். உபரி ஒரே ஒருவர்தான். அவரும் பெரும்பாலும் வெகுதூரம் பின்னால் நிற்கும் கடைசிக் காவலர். அவர் ஓடி வந்து சேர்வதற்குள் சில யார்டுகள் சம்பாதித்துவிடலாம்.

கவனித்தால் ஒன்று புரியும். இங்கே குவார்ட்டர்பேக் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. எதிராளிதான் தேர்ந்தெடுக்கிறான். அவன் எதைத் தேர்ந்தெடுத்தாலும் தப்பாகிவிடுகிறது. 130 கிலோ எடையுள்ள ஆளைத் தள்ள 130 கிலோ வேண்டும். அவனை ஒரு நொடி தயங்க வைக்க அது தேவையில்லை.

கூடைப்பந்தில் பிறந்த யோசனை

இந்த யோசனை ஃபுட்பால் மைதானத்தில் பிறந்ததே இல்லை. மிசௌரி பல்கலைக்கழகத்தின் கோச் டான் ஃபாரட், கல்லூரி நாள்களில் கூடைப்பந்தும் ஆடியவர். 1941-ல் அவருக்கு ஒரு நெருக்கடி. பந்து வீசுவதில் கெட்டிக்காரரான பால் கிறிஸ்ட்மன் படிப்பை முடித்துப் போய்விட்டார். வீசுகிறவர் இல்லாத அணியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கூடைப்பந்தில் இரண்டு பேர் வேகமாக முன்னேறும்போது எதிரே ஒரே காவலர் இருந்தால் என்ன நடக்கும்? காவலர் பந்து வைத்திருப்பவரை நோக்கி வந்தால் பந்து அடுத்தவருக்குப் போகும். வராவிட்டால் பந்து வைத்திருப்பவரே கூடையில் போடுவார். அதையே ஃபாரட் ஃபுட்பாலுக்குக் கொண்டுவந்தார். 'ஸ்பிளிட் டி' என்று அதற்குப் பெயர்.

இரண்டாம் உலகப் போரின்போது கடற்படைப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் அணிக்கு ஃபாரட் கோச் ஆனார். அங்கே அவருக்கு உதவியாளர்களாக இருந்த பட் வில்கின்சனும் ஜிம் டேட்டமும் வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். போர் முடிந்து வில்கின்சன் ஓக்லஹோமாவுக்கு கோச் ஆனார். 1953 முதல் 1957 வரை அந்த அணி தொடர்ந்து 47 ஆட்டங்களில் வென்றது. முதல்தரக் கல்லூரி ஃபுட்பாலில் அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை.

1960-களில் ஹூஸ்டன் கோச் பில் யோமன் 'வீர்' என்ற புது வடிவத்தைக் கொண்டுவந்தார். 1968-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அடுத்த திருப்பம். தலைமை கோச் டாரல் ராயலின் உதவியாளர் எமரி பெல்லார்டு, பள்ளிக்கூட அணிகளுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர். குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் ஃபுல்பேக், அவருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இரண்டு ஓட்டக்காரர்கள் என்று ஓர் அமைப்பை அவர் வரைந்தார். மேலிருந்து பார்த்தால் கவட்டை மாதிரி தெரியும். கோழியின் நெஞ்சில் இருக்கும் கவட்டை எலும்பை அமெரிக்கர்கள் 'விஷ்போன்' என்பார்கள். பத்திரிகையாளர் மிக்கி ஹெர்ஸ்கோவிட்ஸ் சொன்ன அந்த ஒப்புமையே பெயராக நிலைத்துவிட்டது.

ஆரம்பம் சரியில்லை. முதல் ஆட்டம் 20-20 என்று சமன். இரண்டாவதில் தோல்வி. ராயல் திட்டத்தைத் தூக்கிப் போடவில்லை. குவார்ட்டர்பேக்கை மாற்றி ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டை இறக்கினார். ஃபுல்பேக்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிறுத்தினார். அதற்குப் பிறகு டெக்சாஸ் தொடர்ந்து 30 ஆட்டங்களில் ஜெயித்தது.

அதன்பின் ஊரெல்லாம் விஷ்போன். அலபாமாவின் புகழ்பெற்ற கோச் பேர் பிரையன்ட், 1971-ல் ராயலிடமே அதைக் கற்றுக்கொண்டு வந்து, யாருக்கும் தெரியாமல் தன் அணிக்குப் பழக்கினார். சீஸனின் முதல் ஆட்டத்தில்தான் எதிரணியான தெற்கு கலிஃபோர்னியா அதைப் பார்த்தது. அலபாமா 17-10 என்று வென்றது. அதே ஆண்டு ஓக்லஹோமா விஷ்போன் ஆடி, ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 472 யார்டு ஓடியது. அந்தச் சாதனையும் இன்னும் உடையவில்லை. 1990-களில் நெப்ராஸ்கா கோச் டாம் ஆஸ்போர்ன், ஆப்ஷனை நம்பி 1994, 1995, 1997 என மூன்று முறை தேசியப் பட்டம் எடுத்தார்.

பிறகு ஏன் மறைந்தது?

இவ்வளவு வெற்றி கொடுத்த ஆட்டத்தை இன்று பெரும்பாலான கல்லூரிகள் கைவிட்டுவிட்டன. காரணங்கள் நியாயமானவைதான்.

முதல் காரணம், நேரம். ஆப்ஷன் மூன்று நான்கு யார்டாகச் சேமிக்கும் ஆட்டம். சிறுவாட்டுக் காசு மாதிரி. முன்னிலையில் இருக்கும்போது அற்புதம். 14 புள்ளிகள் பின்தங்கி, ஐந்து நிமிடம்தான் மிச்சம் என்றால் சிறுவாட்டுக் காசு போதாது.

இரண்டாவது, உடம்பு. குவார்ட்டர்பேக் முடிவெடுக்கும் ஒவ்வொரு முறையும் அடி வாங்குகிறார். பல நேரம் பந்தைத் தட்டிவிட்ட பிறகுதான் அந்த அடி விழும். தொழில்முறைப் போட்டியான என்.எஃப்.எல்.-லில் குவார்ட்டர்பேக்குகள்தான் அணியின் மிக விலையுயர்ந்த சொத்து. அவர்களை இப்படி அடிபட விட எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார். அங்கே போக ஆசைப்படும் இளைஞனும், பந்து வீசக் கற்றுக்கொடுக்கும் கல்லூரியைத்தான் தேடுவான். அவன் வருங்காலம் அதில் இருக்கிறது.

மூன்றாவது, எதிராளிகளின் குறை. எடை குறைந்த வீரர்கள் பெரிய ஆள்களைத் தடுக்க, இடுப்புக்குக் கீழே பாய்ந்து காலை மறிப்பார்கள். முழங்கால் போய்விடும் என்று எதிரணிகள் அஞ்சியதில் தவறில்லை. விதிகள் படிப்படியாக இறுகின. 2022 முதல், பந்து தொடங்கும் இடத்தை ஒட்டிய சிறு பகுதிக்கு வெளியே இப்படிப் பாய்வதற்குத் தடை. சின்ன அணிகளின் கையில் இருந்த ஒரு பெரிய ஆயுதம் அதோடு மழுங்கியது.

சிப்பாய்களின் ஆட்டம்

ஆனாலும், மூன்று இடங்களில் ஆப்ஷன் நீண்டகாலம் வேரோடி நின்றது. அமெரிக்கத் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் அதிகாரிப் பயிற்சிக் கல்லூரிகள்.

அங்கே படிக்கிறவர்கள் விளையாட்டு வீரர்கள் மட்டுமல்ல. நாளைய ராணுவ அதிகாரிகள். உடல்தகுதி விதிகள் உண்டு. மற்றக் கல்லூரிகளில் 140 கிலோ எடையுள்ளவர் முன்வரிசையில் நிற்கலாம். இங்கே பட்டம் வாங்கும்போது அந்த எடையோடு நிற்க முடியாது. படிப்பு முடிந்தால் குறைந்தது 5 ஆண்டு பணி. தொழில்முறை ஆட்டத்தில் கோடிகளைக் கனவு காணும் பெரிய திறமைசாலிகள் இங்கே வருவது குறைவு. உடம்பால் மோதி ஜெயிக்க முடியாதவர்களுக்கு எதிராளியை யோசிக்க வைப்பதைவிட வேறு நல்ல வழி இல்லை.

விமானப்படைக் கல்லூரி, ஃபிஷர் டிபெரியின் பயிற்சியில் 1985-ல் 12 ஆட்டம் ஜெயித்து ஒன்றில் மட்டும் தோற்றது. கடற்படை அணி 2000, 2001 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து ஜெயித்தது ஒரே ஓர் ஆட்டம். 2002-ல் பால் ஜான்சன் கோச்சாக வந்து ஆப்ஷனை ஊன்றினார். 2003-ல் 8 வெற்றி. 2007-ல் நோட்ரே டேம் பல்கலைக்கழகத்தை, மூன்று கூடுதல் சுற்றுகள் வரை போய் 46-44 என்று வீழ்த்தியது. அதற்கு முன் 1963-க்குப் பிறகு தொடர்ந்து 43 முறை கடற்படை அவர்களிடம் தோற்றிருந்தது. பாதி வாழ்நாள் காத்திருந்த ரசிகர்கள் அன்று மைதானத்தில் அழுதிருந்தால் அதில் வியப்பில்லை.

ஜார்ஜியா சதர்ன் அணி ஃப்ளோரிடாவை வீழ்த்தியபோது அதன் கோச், ஜெஃப் மாங்கன். பால் ஜான்சனிடம் வேலை பழகியவர். அந்த வெற்றிக்குப் பிறகு தரைப்படைக் கல்லூரியான வெஸ்ட் பாயின்ட்டுக்குப் போனார். 2018-ல் அவருடைய அணி ஓக்லஹோமாவுக்கு அதன் மண்ணிலேயே தண்ணி காட்டியது. அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர் விருதை வாங்கிய கைலர் மர்ரேதான் ஓக்லஹோமாவின் குவார்ட்டர்பேக். 60 நிமிட ஆட்டத்தில் ஏறக்குறைய 45 நிமிடம் பந்து ஆர்மி அணியிடம். எவ்வளவு பெரிய வீரரும் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு புள்ளி எடுக்க முடியாது அல்லவா? கடைசியில் கூடுதல் சுற்றில் ஆர்மி 28-21 என்று தோற்றது. ஆனால், அன்று நிம்மதிப் பெருமூச்சு விட்டது ஓக்லஹோமாதான்.

பந்து வராத ஓட்டம்

இந்த ஆட்டத்தில் வெளியே தெரியாத ஓர் உழைப்பு இருக்கிறது. ஃபுல்பேக்குக்குப் பந்து கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர் முழு வேகத்தில் கூட்டத்துக்குள் பாய்ந்தாக வேண்டும். பந்து இல்லாதபோதும் அடி விழும். வெளி ஓட்டக்காரர் ஒரே மதியத்தில் இருபது முறை ஓடி, இரண்டு முறை மட்டும் பந்தைத் தொடலாம். 'நமக்கு வராது' என்று ஒருமுறை அவர் வேகத்தைக் குறைத்தால் அவ்வளவுதான். எதிராளிக்குச் சந்தேகம் போய்விடும். மூன்று பேரும் பந்து தன்னிடம் இருப்பதுபோல் ஓடினால்தான் அது ஒருவரிடமாவது பத்திரமாக இருக்கும்.

எதிரணிக்கும் இதில் ஒரே மருந்துதான். ஒருவர் ஃபுல்பேக்கை மட்டும், ஒருவர் குவார்ட்டர்பேக்கை மட்டும், ஒருவர் வெளி ஓட்டக்காரரை மட்டும் பார்க்க வேண்டும். பந்து எங்கே போனாலும் சரி, அவரவர் ஆளை விடக் கூடாது. பந்தே இல்லாமல் இதைப் பயிற்சி செய்ய வைக்கும் கோச்சுகளும் உண்டு. பந்தைக் கண்டால்தானே மனம் அதன் பின்னால் ஓடும்? சொல்வது சுலபம். நன்றாக ஆடுகிறவனுக்குத்தான் கூடுதலாக ஒன்று செய்துவிடும் ஆசை வரும். ஆப்ஷன் காத்திருப்பது அந்த ஆசைக்காகத்தான்.

யோசனை சாகவில்லை, வேஷம் மாறியிருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் க்ளென்வில் ஸ்டேட் என்னும் சின்னக் கல்லூரியில் கோச் ரிச் ராட்ரிகஸ், குவார்ட்டர்பேக்கைச் சில அடி பின்னால் நிறுத்தி, ஒரே ஓர் எதிராளியைத் தடுக்காமல் விட்டு, அவன் அசைவைப் படிக்கும் முறையை வளர்த்தார். 'ஸோன் ரீட்' என்ற அந்த முறை இன்று பெரிய கல்லூரிகளிலும் என்.எஃப்.எல்.-லிலும் சர்வசாதாரணம். பழைய ஆப்ஷனின் பேரப்பிள்ளை அது.

ஆர்மி அணியே 2023-ல் புது விதிகளுக்குப் பயந்து பழைய பாணியிலிருந்து விலகிப் பார்த்தது. 6 வெற்றி, 6 தோல்வி. 2024-ல் மாங்கன் பெருமளவு பழைய வழிக்கே திரும்பினார். குவார்ட்டர்பேக் பிரைசன் டெய்லி ஓடியே 32 டச்டவுன் எடுத்தார். 14 ஆட்டங்களில் 12 வெற்றி. 1890-ல் ஃபுட்பால் ஆடத் தொடங்கிய வெஸ்ட் பாயின்ட், தன் வரலாற்றில் முதல் முறையாக ஒரு லீக் பட்டத்தை வென்றது.

தோற்ற இரண்டில் ஒன்று நோட்ரே டேமிடம். எல்லா வகையிலும் பலமான அணி, ஏமாறவும் மறுத்துவிட்டால் ஆப்ஷனாலும் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று கடற்படையிடம், 31-13. அதில் ரகசியம் ஏதுமில்லை. அவர்களும் ஆண்டுக்கணக்கில் ஆப்ஷன் ஆடி வளர்ந்தவர்கள். எதிரே வருபவர் எந்தப் பக்கம் ஆசை காட்டினாலும் தன் ஆளைவிட்டு நகரக் கூடாது என்பது அந்த 11 பேருக்கும் தெரிந்திருந்தது.